பிஸ்கட் டின்னில் ஆறு மாதம்

அப்பா ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். முழங்கால் வலிக்காரர். நான் பிடிக்கப் போனேன், வேண்டாமென்று கையசைத்துவிட்டார். கூரைத் தகரத்துக்குக் கீழே உத்தரத்தின் மேல் கையை விட்டுத் துழாவி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

மூடியைச் சுற்றி சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாக மாட்டியிருந்தார். அதை உருவி மூடியைத் திறந்தார். மேலே வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு முடிச்சு. அதை எடுத்து ஓரமாக வைத்தார். அடியில் பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி, என் மாத்திரை அட்டைகள்.

“ஒரு சொட்டு ஈரம் படல மகன். கையில எடுத்துப் பாரு” என்றார்.

ஓர் அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை முகர்ந்தேன். அது ஆஸ்பிரின். ஈரக்காற்றில் நாள்பட்டால் ஆஸ்பிரின் மாத்திரையில் வினிகர் வாசனை அடிக்கும். ஆறு மாதம் அந்தமானில் எங்கள் புரோத்ராபூர் வீட்டு அலமாரியில் காற்றாடக் கிடந்ததாக நான் நம்பியிருந்த மாத்திரை அது. வினிகர் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. வறுத்த அரிசி வாசனைதான் வந்தது.

அந்தத் துணி முடிச்சில் இருந்தது வறுத்த அரிசி. ஈரத்தை இழுத்துக்கொள்ள, மாதம் ஒருமுறை அம்மா புதிதாக வறுத்துக் கொடுப்பாளாம்.

என் எம்.டெக். ஆய்வு அத்தனையும் பாழ் என்பது எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது. அப்பா மட்டும் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார்.

மருந்துக்கு என்ன இன்ஜினியரிங்?

சென்ற வாரம் நான் கப்பலேறி மெயின்லாண்டுக்குப் படிக்கப் போனதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், மருந்துக்கு என்ன இன்ஜினியரிங் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இதே கேள்வியைப் போர்ட் பிளேரில் என்னிடம் கேட்காத ஆள் கிடையாது.

மெடிக்கல் ஷாப் வைக்கப் போகிறாயா என்பார்கள். இல்லை என்றால், அப்படியானால் டாக்டரா என்பார்கள். அதுவும் இல்லை என்றதும் முகத்தில் ஓர் இரக்கம் வரும் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

மருந்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் வேறு. கண்டுபிடித்த மருந்தை லட்சம் மாத்திரைகளாக அடித்து, லட்சமும் ஒன்றுபோல இருக்கும்படி செய்வது எங்கள் வேலை. மாவைப் பிசைந்து குருணையாக்க வேண்டும். குருணையைச் சூடான காற்றில் பறக்கவிட்டு உலர்த்த வேண்டும். உலர்ந்ததை மெஷினில் அழுத்தி, மேலே பூச்சுப் பூசி, அட்டையில் அடைத்து, அது எந்த ஊரில் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல வேண்டும். இதில் பாதி வேலை ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். குருணையில் ஈரம் கொஞ்சம் கூடினால் மெஷினில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் குறைந்தால் மாத்திரையின் தலை கழன்றுவிடும்.

நான் படித்த ஊரில் ஈரம் என்பதே பாடப்புத்தகத்தில்தான் இருந்தது. காலையில் துவைத்துப் போட்ட சட்டை டீ குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். எங்கள் தீவில் மூன்று நாள் காய்ந்த சட்டையும் உடம்பில் போட்டால் சில்லென்று இருக்கும். உப்பு டப்பாவில் அரிசி போடாத வீடு கிடையாது. ‘ஈரப்பதம்’ என்ற தலைப்பில் மேடம் பாடம் எடுத்தபோது, வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் அது வீட்டுச் சங்கதியாக இருந்தது.

சக மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘ஜெயில்’. அந்தமான் என்றாலே அவர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். எத்தனை வருஷம் தண்டனை என்று கேட்டுச் சிரிப்பார்கள். ரெண்டு வருஷம் என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். அது மூன்று வருஷமாக நீளும் என்று அப்போது தெரியாது.

வெள்ளைக் கூழ்

நான் ஏன் இந்தப் படிப்புக்குப் போனேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்தவர். பையனாக இருந்தபோதே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வந்து விழுந்தவர். பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்கு மழைதான் எதிரி. சிரட்டையில் சேர்ந்த பாலில் மழைத்தண்ணீர் கலந்தால் அன்றைய உழைப்பு போச்சு. அதனால் மழைக்காலத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார்கள். அப்பா கட்டிய பாவாடைக்குள் ஒரு துளி இறங்காது என்று தோட்டத்தில் பேர்.

சுனாமி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் மேட்டுக்கு ஓடித் தப்பித்தோம். கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் இருந்த காகிதங்கள் தப்பவில்லை. அகதியாக வந்ததற்கான அட்டை, அம்மாவின் அட்டை, தோட்டத்து வேலைச் சீட்டு எல்லாம் போயிற்று. நீ யார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுக் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அவரை அலையவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முக்கியமான எதுவும் தரையில் இருந்ததில்லை, உத்தரத்துக்குப் போய்விடும்.

முகாமில் எனக்குக் காய்ச்சல் கண்டது. நனைந்த அட்டைப்பெட்டியில் இருந்து எடுத்து ஒரு மாத்திரை அட்டை கொடுத்தார்கள். பிதுக்கினால் மாத்திரை வரவில்லை, வெள்ளைக் கூழ் வந்தது. அப்பா அதை ஒரு டப்பா மூடியில் வழித்து, அடுப்புக்கு மேலே பிடித்து உலர்த்தி, பொடியாக்கி எனக்குக் கொடுத்தார். கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

எம்.டெக். நேர்முகத்தில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோது அந்தக் கூழைத்தான் சொன்னேன். இடம் கிடைத்தது.

சுனாமிக்குப் பிறகு அம்மா கடலோரத்தில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூருக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை. மெயின்லாண்டில் மகன் மருந்துக்குப் படிக்கிறான் என்பதை அந்தத் தோட்டத்தில் கத்தரிச் செடிகளுக்குக்கூடச் சொல்லியிருப்பார்.

மூன்று பெட்டி

இரண்டாம் வருஷம் முழுக்க ஆய்வு. மருந்துக் கம்பெனிகள் ஒரு மாத்திரையின் ஆயுளை அறிய, அதை ஒரு பெட்டி போன்ற அறையில் வைத்துச் சூட்டையும் ஈரத்தையும் செயற்கையாக ஏற்றுவார்கள். அந்தச் செயற்கைத் தீவும் நிஜத் தீவும் ஒன்றா என்பதுதான் என் கேள்வி.

நானே மெஷினில் அடித்த ஆஸ்பிரின் மாத்திரைகளை, நானே செய்த பூச்சோடு, சாதாரண பிளாஸ்டிக் அட்டையில் அடைத்தேன். மூன்று பெட்டி. ஒன்று காலேஜ் அறையில், ஒன்று அந்த ஈர அறையில், மூன்றாவது எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், திறந்த காற்றில், ஆறு மாதம்.

அப்பாவிடம் போனில் மூன்று விஷயம் சொன்னேன். பெட்டி அலமாரியிலேயே இருக்க வேண்டும். கூடவே அனுப்பிய ஈரமானியின் எண்ணைக் காலையும் மாலையும் நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டு அட்டையை, சென்னை போகிற யாரிடமாவது கொடுத்து, அங்கிருந்து எனக்குக் கூரியரில் போடச் சொல்ல வேண்டும். தீவில் அது ஒன்றும் அதிசயமில்லை. மெயின்லாண்டு போகிறவர் கையில் யாராவது ஒரு பார்சலைத் திணிக்காமல் அவர் விமானம் ஏறியதே கிடையாது.

அட்டைகள் மாதம் தவறாமல் வந்தன. கூடவே கிழித்த நோட்டுத் தாளில் எண்கள். 86, 88, 91. ஒரு நாள் விட்டுப்போகவில்லை. மூன்றாம் வகுப்பு படித்தவரின் அந்த உருண்டைக் கையெழுத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

முடிவு நன்றாக இருந்தால்

ஈர அறையில் இருந்தவை மூன்றாம் மாதமே ஊசிப்போயின. அட்டையைப் பிரித்தால் வினிகர். தீவில் இருந்து வந்தவையோ ஆறாம் மாதத்திலும் நேற்று அடித்தவை மாதிரி டக்கென்று உடைந்தன.

என் ஆய்வை வழிநடத்திய மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. பூச்சு வேலை செய்கிறது, ஈர அறை தேவைக்கு மேல் கடுமையாக இருக்கிறது, சாதாரண அட்டையே தீவுக்குப் போதும் என்று ஒரு கட்டுரைக்கே தலைப்பு யோசித்துவிட்டார். ஐதராபாத்தில் ஒரு கம்பெனி காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தது. அவர்களின் பேக்கிங் பிரிவுக்கு என் ஆய்வு பிடித்துப்போய், ஜூலையில் பட்டத்தோடு வந்து சேர் என்று கடிதம் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கம்பெனி முத்திரையிட்ட கடிதம் வாங்கிய முதல் ஆள் நான்.

இவ்வளவு ஈரத்தில் மாத்திரை இப்படி உலர்ந்திருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மற்றவர்களை விடுங்கள். உப்பு டப்பாவில் அரிசி போட்ட வீட்டில் வளர்ந்த நானே கேட்கவில்லை. கேட்க எனக்கு மனசில்லை, அதுதான் உண்மை.

ஆய்வேட்டில் போட அலமாரியின் போட்டோ வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் ஈரமானி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. மாத்திரை எங்கே என்று கேட்டேன். அப்பா ஸ்டூலை இழுத்தார்.

ட்யூப் வளையம்

“அலமாரியிலதானே வைக்கச் சொன்னேன்?” என்றேன்.

“ரெண்டு நாள் வச்சேன் தானே. மூணாம் நாளு மழை புடிச்சி சொவரெல்லாம் தண்ணியா வழியுது. ஒன் படிப்பு மகன் அது. நனையட்டும்னு பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

“அப்ப நோட்டுல எழுதினது?”

“அது சரியாத்தான் எழுதினேன். மீட்டரு அங்கயேதான் இருக்கு. அது நனைஞ்சா நமக்கென்ன.”

அவர் ஏமாற்றவில்லை. எழுதச் சொன்னதை எழுதினார், அனுப்பச் சொன்னதை அனுப்பினார். நனையவிடு என்று சொன்ன அந்த ஒரு காரியம்தான் அவரால் ஆகவில்லை. வாழ்நாள் முழுக்க மரத்துக்குப் பாவாடை கட்டிய கை. இன்று இதை என்னால் எழுத முடிகிறது. அன்று எனக்கு ஜூலை மாதமும் ஐதராபாத்தும்தான் கண்ணில் நின்றன.

நான் கத்தியதில் முக்கால்வாசியை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

“படிக்காத ஆளுகிட்டப் போய்க் கொடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும். இனிமே என் சாமான் ஒண்ணையும் நீங்க தொடாதீங்க.”

அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அப்பா அட்டைகளை எடுத்த மாதிரியே அடுக்கி, அரிசி முடிச்சை மேலே வைத்து, மூடி, ட்யூப் வளையத்தை மாட்டினார். அது கைநழுவி இரண்டு தடவை விழுந்தது.

“அப்ப இத எங்க வைக்கட்டும்?” என்று கேட்டார்.

எங்கேயாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பிப் போன கப்பலில் மூன்று நாள் யோசித்தேன். டின்னைப் பற்றி மூன்று பேருக்குத்தான் தெரியும், அதில் இரண்டு பேருக்கு அது தப்பென்றே முழுசாகத் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் பட்டம் உண்டு, வேலை உண்டு. ஆனால் என் பேச்சை நம்பி யாராவது அந்தச் சாதாரண அட்டையில் மருந்தை அடைத்துத் தீவுக்கு அனுப்பினால், இன்னொரு முகாமில் இன்னொரு வெள்ளைக் கூழ்.

இதைச் சொன்னால் என்னை யோக்கியன் என்பார்கள். அப்படியொன்றும் இல்லை. தேர்வாளராக வரவிருந்தவர் பேக்கிங் துறையில் ஊறியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாட்டிக்கொள்வேன் என்ற பயமும் பாதி இருந்தது.

மேடம் முழுசாகக் கேட்டார். பிறகு, “நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொல்லிட்டீங்க. இனி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?” என்றார். சொன்னதற்காக என்மேல் அவருக்குக் கோபம் என்பது முகத்தில் தெரிந்தது. முதலில் இருந்து ஆறு மாதம் மறுபடி செய்யச் சொன்னார். ஜூலையில் வர முடியாது என்று ஐதராபாத் கம்பெனிக்கு எழுதினேன். வாழ்த்துகள் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

குட்வில் எஸ்டேட்

இரண்டாவது தடவை பெட்டியை எங்கள் வீட்டில் வைக்கவில்லை. குட்வில் எஸ்டேட்டில் என் பள்ளித் தோழன் தேபு இருந்தான். வங்காளிக் குடும்பம். அவர்கள் வீட்டு ஜன்னலோர அலமாரியில் வைத்தேன். சொந்த வீடு இருக்க, அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்ததில் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவில்லை. நினைத்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒரு நாள் தேபுவின் அம்மா போனில் சொன்னார்: “தும்ஹாரா பாப்பா ஆயா தா. அந்தர் நஹீ ஆயா.” அப்பா வந்திருக்கிறார், உள்ளே வரவில்லை. பஸ் ஏறிப் போய், கேட்டுக்கு வெளியே நின்று, பெட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நன்றாக நனைகிறதா என்று கேட்டாராம். ஆமாம் என்றதும் சரி என்று திரும்பிவிட்டாராம். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்தத் தடவை நான்காம் மாதமே வினிகர் வந்துவிட்டது. என் பூச்சு தீவைத் தாங்காது. இதுதான் என் கண்டுபிடிப்பு. பட்டம் கிடைத்தது. தாங்காத பூச்சோடு, ஒரு வருஷம் தாமதமாக வந்தவனை எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை. ஒரு வருஷம் எழுதி எழுதிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

இப்போது போர்ட் பிளேரில் ஒரு மொத்த மருந்துக் கிடங்கில் இருக்கிறேன். கப்பலில் வரும் அட்டைப்பெட்டிகளை இறக்கி அடுக்குவதை மேற்பார்க்கும் வேலை. பாதிப் பெட்டிகள் வியர்த்துத்தான் வரும். நனைந்ததைத் தனியே எடுத்து வை என்று நான் சொல்வேன், உலர்ந்தால் சரியாகிவிடும் என்பார் முதலாளி. என் எம்.டெக்.கை அவர் இன்றுவரை நம்பவில்லை. வேலைக்கு வந்த பையன்கள் என்னை ‘டாக்டர் சாப்’ என்கிறார்கள்.

குடை

அப்பாவும் நானும் பேசிக்கொள்ளாமல் இல்லை. சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா எல்லாம் உண்டு. ஆனால் நான் வீட்டோடு வந்த நாளில் இருந்து அவர் என் சாமானைத் தொடுவதில்லை. கொடியில் காயும் என் சட்டை மழையில் நனைந்தால் அம்மாவைக் கூப்பிடுவார். என் செருப்பு வாசலில் குறுக்கே கிடந்தால் சுற்றிக்கொண்டு போவார். முதலில் கோபம் என்று நினைத்தேன். கோபத்துக்கு இத்தனை வருஷ ஆயுள் கிடையாது.

பட்டச் சான்றிதழ், ஆய்வேடு, ஐதராபாத் கடிதம் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு என் அறை மூலையில் வைத்திருந்தேன். தரையில்தான். அதை உத்தரத்துக்கு ஏற்ற எனக்குத் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரம். அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்தேன். அம்மாவின் நம்பரில் இருந்து போன். பேசியது அப்பா. அம்மா போனை அவர் காதருகே பிடித்திருக்கிறாள் என்பது சத்தத்தில் தெரிந்தது. பின்னால் தகரத்தில் மழை.

“மகன், காத்துல கூரைத் தகரம் ஒண்ணு தூக்கிக்கிச்சு. ஒன் பெட்டி மேலதான் தண்ணி விழுது.”

“எப்ப இருந்து?”

“காலையில நீ பஸ்ஸு ஏறின கையோட. வேலை நேரத்துல கூப்பிட வேணாம்னு இருந்தேன்.”

நான்கு மணி நேரம். பெட்டி இந்நேரம் கூழாகியிருக்கும் என்று நினைத்தேன். கேட்டும்விட்டேன்.

“நனையல” என்றார். “நான் பெட்டியத் தொடல மகன். அம்மாவையும் தொட விடல. கொடையத்தான் விரிச்சி மேல புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.”

அவருக்கு முழங்கால் வலி என்பதை முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

“எடுங்கப்பா” என்றேன். “எடுத்து மேல வைங்க.”

அப்பா கேட்டார்:

“நெசமா எடுக்கலாமா?”